வடிவாக் கிடக்கு

தென்காசியில் எனக்குப் பிடித்த இடம் ரயில் நிலையம் ஒன்றுதான். அங்கேயிருந்து ஊருக்குப் போக வழி இருந்தது. மற்றபடி அந்த ஊர் எனக்கு ஒத்துவரவில்லை. நானும் அந்த ஊருக்கு ஒத்துவரவில்லை.

நான் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்தில் உடுப்பிட்டி. என்னோடு வந்த தம்பையாவுக்குப் பக்கத்து ஊர் கரவெட்டி. ஜெர்மன்காரன் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடம் இருவரும் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிச் சித்த வைத்தியம் படிக்க வந்தோம். குற்றால மலையில் இல்லாத மூலிகை உலகத்திலேயே இல்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் வீடுகளில் சொல்லிவிட்டான். அவன் மட்டும் என் கையில் அகப்பட்டிருந்தால் தெரிந்திருக்கும்!

முத்துக்குமாரசாமி வைத்தியரின் பாடசாலையில் இரண்டு வருடப் படிப்பு. முடிவில் அவர் கையெழுத்துப் போட்டு ஒரு பத்திரம் தருவார். அது கையில் இருந்தால்தான் ஊரில் மருந்துப் பெட்டியைத் திறந்து உட்கார முடியும். எனக்காவது தகப்பனாரின் புகையிலைத் தோட்டம் இருந்தது. தம்பையா தகப்பன் இல்லாத பிள்ளை. மாமன்தான் படிக்க அனுப்பியிருந்தார். "பத்திரம் இல்லாமல் என்ரை படலையைத் திறக்காதை" என்று கப்பலேறும்போதே சொல்லி அனுப்பிய மனிதர் அவர். சொன்னபடியே வாசல் கதவைச் சாத்திவிடுகிறவரும்கூட.

வந்த முதல் நாள் சாப்பாட்டிலேயே எனக்கும் ஊருக்கும் முட்டிக்கொண்டது. இலையில் சோறும் குழம்பும் விழுந்தன. "சொதி இல்லையோ?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் சொதி இல்லாமல் சோறு இறங்காது. சமையல்காரி பிச்சம்மாள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"யாருக்கு ஏ கல்யாணம்? சொதி கேக்குத?"

உள்ளூர்ப் பையன்கள் புரையேறச் சிரித்தார்கள். அந்த ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆக்கிப் போடுகிற விருந்தாம். தேங்காய்ப்பாலில் நாலு காயைப் போட்டுக் கொதிக்கவைக்க இவர்களுக்கு ஒரு கல்யாணம் நடக்கவேண்டுமாம்! அன்றிலிருந்து என் பெயர் சொதி மாப்பிள்ளை.

நாங்கள் வாயைத் திறந்தாலே கேலிதான். "கதைப்பம் வா" என்று தம்பையாவைக் கூப்பிட்டால், நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ராசா கதையா, பேய்க் கதையாலே?" என்பார்கள். நானும் விடவில்லை. "போடா வடக்கத்தியான்" என்று வைவேன். எங்கள் ஊரில் இந்தியாக்காரனை அதற்குமேல் வையவேண்டியதில்லை. இவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. "கோட்டி புடிச்சிருக்காலே ஒனக்கு? நாங்க தெக்கத்தியாள்லா!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். வசவுகூட விலைபோகாத ஊரில் ஒரு மனிதன் எப்படித்தான் குடியிருப்பது?

எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார், நமசிவாயம் அண்ணாச்சி. இலத்தூர் பக்கம் வயலும் தோப்பும் உள்ளவர். பாடசாலைக் கட்டிடம் அவருடையது. அடுத்த வீட்டில்தான் அவர் குடும்பம் இருந்தது. இரண்டுக்கும் கிணறு ஒன்றுதான். கிணற்றின் குறுக்கே சுவர் எழுப்பி, பாதி அந்த வீட்டுப் பெண்களுக்கு, பாதி எங்கள் மூலிகைத் தோட்டத்துக்கு என்று பிரித்திருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீரை இறைக்கிறோம் என்பதே அவருக்குக் கண்ணில் குத்தியது. கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா மகனை, இந்தியாக்காரன் என்று வேலையை விட்டு நிறுத்தி அனுப்பியிருந்தார்கள்.

"எங்க ஆளுகள அங்கேயிருந்து வெரட்டுதீய. இங்கன வந்து எங்க சோத்தத் திங்குதீய. வெக்கமா இல்லியாலே?" என்பார்.

வேலையை விட்டு நிறுத்தியது நானா? என்னவோ என் கையெழுத்தில் உத்தரவு போன மாதிரி, காலையில் பல் விளக்கப் போனாலும் அதையே கேட்பார்.

எங்கள் வாயில் வருகிற "ஓம்" அவருக்கு ஆகவே ஆகாது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா என்று கேட்பார். தம்பையா "ஓம்" என்பான்.

"ஓம்முன்னா? நமசிவாயமா? எம்பேரச் சொல்லியா கூப்பிடுத? ஆமான்னு சொல்லுலே, சவத்து மூதி!"

நான் ஒரு மாதத்தில் "ஆமா"வுக்கு மாறிவிட்டேன். வம்பு ஓய்ந்தால் சரி. தம்பையா மாறவில்லை. எதிர்த்துப் பேசத் தெரியாத சாது அவன், அடித்தால்கூட அழமாட்டான். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் அசையவில்லை.

"அம்மா தந்த சொல்லடா. உவருக்காக மாத்தேலாது" என்றான்.

"போய்ச் சாவு" என்று விட்டுவிட்டேன்.

தோட்ட வேலையை அவனே கேட்டு வாங்கியிருந்தான். பொழுது சாய்ந்ததும் குடத்தோடு கிணற்றுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகும் வரமாட்டான். துளசிக்கும் நொச்சிக்கும் இத்தனை தண்ணீரா என்று கேட்டால் சிரிப்பான். படிப்பில் அக்கறை உள்ள பிள்ளை என்று வைத்தியர் அவனைக் காட்டி என்னைத் திட்டுவார்.

சண்டை தொடங்கிய மறுவருடம், ஆனிச் சாரல் விழுந்தது. பத்திரம் கைக்கு வர ஆவணிதான் கெடு. அதே ஆவணியில் நமசிவாயம் அண்ணாச்சியின் தங்கைக்கும் கல்யாணம் என்று பிச்சம்மாள் சொன்னாள். மாப்பிள்ளை வீடு கடையம். அந்தப் பெண்ணை நான் கண்டதில்லை. வீட்டில் எல்லாரும் "சின்னவ" என்றுதான் கூப்பிடுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். அவளுக்கு வேறு பெயர் இருக்கும் என்றே நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாடசாலை முழுவதும் வண்டி கட்டிக் குற்றாலம் போனது. எங்கள் ஊரில் விளக்கு வைத்தால் தேவாரம், பிறகு புட்டு, பிறகு பாய். ஆறு மணிக்குமேல் வெளியே நிற்கிறவனை நாய்கூட நம்பாது. குற்றாலத்திலோ சீசன் வந்துவிட்டால் இருட்டுகிறபோதுதான் ஊரே விழிக்கிறது. காப்பி கிளப்புகளில் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. ஜமீன் பங்களா ஒன்றில் கிராமபோன் அலறியது. கீற்றுக் கொட்டகையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் குடத்தைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிற வக்கீல்கள் உடம்பெல்லாம் எண்ணெய் வழியக் கோவணத்தோடு நடுத்தெருவில் நின்று அரசியல் பேசினார்கள். பக்கத்திலேயே பெண்கள் ஈரச் சேலையோடு கூட்டமாகப் போனார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன் போலிருக்கிறது, ஒரு கிழவர் "என்னடே, முன்னப்பின்ன மனுசங்களப் பாத்ததில்லியா?" என்று முறைத்துவிட்டுப் போனார்.

இந்த ஊரில் வெட்கம் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

பேரருவிக்குப் போனோம். நமசிவாயம் அண்ணாச்சியும் வீட்டுப் பெண்களோடு வந்திருந்தார். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு மறுபக்கம். நடுவில் ஒரு பாறைதான் மறைப்பு. குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டு நின்றபோது மேகம் விலகி நிலா வந்தது. அன்று பௌர்ணமி. அருவி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. உள்ளதைச் சொல்லவேண்டும், அந்த ஒரு நிமிடம் எனக்குக்கூட அந்த ஊரின்மேல் கோபம் இல்லை. அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற தம்பையா, அருவிச் சத்தத்தையும் மீறித் தொண்டை கிழியக் கத்தினான்.

"சிற்றம்பலம்! பாரடா! என்ன வடிவாக் கிடக்கு!"

பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீலென்று கத்தினாள். பிறகு பல பெண்கள். என்ன நடந்தது என்று நான் திரும்புவதற்குள் நமசிவாயம் அண்ணாச்சி ஈர வேட்டியோடு பாய்ந்துவந்து தம்பையாவின் கன்னத்தில் அறைந்தார். அவன் பாசிப்பாறையில் சறுக்கி விழுந்தான்.

"யாரலே பேரச் சொல்லிக் கூப்பிடுத? எங்க வீட்டுப் பொம்பளப் பேரு ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் விளக்கினார்கள், உதைத்துக்கொண்டே. அந்தச் சின்னவளின் பெயர் வடிவாம். கடையத்துச் சம்பந்தி வீட்டுப் பெண்களோடு அவளும் அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தாளாம். அவர்கள் காதில் விழுந்தது, "பாரடா, வடிவு கிடக்கா" என்று.

"ஐயோ, அது பேரில்லை!" என்று குறுக்கே விழுந்து கத்தினேன். "எங்கடை ஊரிலை வடிவு எண்டால் அழகு! அவன் அழகாயிருக்கு எண்டுதான் சொன்னவன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என் புத்தி எனக்கு உறைத்தது.

"எந்தங்கச்சி அழகாருக்கான்னு கத்துனானா? அதையும் நீ சொல்லிக் காட்டுதியா?" என்று எனக்கும் ஒன்று விழுந்தது.

வண்டியில் திரும்பும்போது யாரும் எங்களோடு பேசவில்லை. வைத்தியர் மட்டும் இறங்குமுன் சொன்னார். "நாளைக்குக் காலையில சம்பந்தி வீட்டுக்காரவுக விசாரிக்க வாராக. அந்தப் பிள்ளைக்கும் ஒங்களுக்கும் பேச்சுப் பழக்கம் எதுவும் இல்லன்னு ருசுவானா, படிங்க. இருந்துதுன்னா கல்யாணமும் போச்சு, ஒம்ம பத்திரமும் போச்சு, தம்பையா. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அறைக்கு வந்ததும் நான் குதித்தேன். "ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆட்டமோ? நாளைக்கு நான் கதைக்கிறன். நீ வாயைத் திறவாதை. வடக்கத்தியான் எல்லாருக்கும் தமிழ் படிப்பிச்சுப்போட்டுத்தான் போவன்!"

தம்பையா வீங்கிய கன்னத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டான். பயந்துவிட்டான், பாவம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நமசிவாயம் அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் எங்களை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சிவசைலம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, பெரிய தொந்தி. அவரோடு கடையத்துக்காரர்கள் நாலைந்து பேர். உள்கதவு ஒருச்சாய்த்திருந்தது, அதற்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நமசிவாயம் அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோகும்.

நான் விடிய விடிய யோசித்து வைத்திருந்தேன்.

"ஐயா, நான் சொல்லுறதை நம்பவேண்டாம்," என்றேன் சிவசைலத்திடம். "எங்களிலை ஒராளை வெளியிலை விடுங்கோ. மற்றவனிட்டை எதையாவது காட்டிக் கேளுங்கோ. பிறகு ஆளை மாத்திக் கேளுங்கோ. ரெண்டு பேர் வாயிலையும் என்ன சொல் வருகுதெண்டு பாருங்கோ."

அவருக்கு அது பிடித்துவிட்டது. தம்பையாவை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் குத்துவிளக்கைக் காட்டினார்.

"இது எப்பிடி இருக்குடே?"

"வடிவான விளக்கு."

தொழுவத்தில் கட்டியிருந்த வண்டிக்காளையைக் காட்டினார்.

"வடிவான மாடு."

நமசிவாயம் அண்ணாச்சி பல்லைக் கடித்தார். என்னை வெளியே தள்ளித் தம்பையாவை உள்ளே விட்டார்கள். வாசலில் நின்று காதைத் தீட்டினேன்.

"இந்த வெளக்கு?"

"வடிவாக் கிடக்கு," என்றது தம்பையாவின் குரல்.

"அந்தக் காள?"

"அதுவும் வடிவுதான்."

"எங்கள எல்லாம் பாத்தா எப்பிடி இருக்கு?"

"நீங்கள் வடிவில்லை," என்றான் தம்பையா.

சிவசைலம் சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடு மிரண்டது. கடையத்துக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். சிவசைலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏ நமசிவாயம், பயலுவளுக்கு மாடும் வடிவு, வெளக்கும் வடிவு! இதுக்குப் போயி அடிச்சீரே!" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஊரை நான் ஜெயித்திருந்தேன். நமசிவாயம் அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிருந்தது. ஆகா, அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்!

"சரி, ஆனது ஆச்சு," என்று சிவசைலம் எழுந்தார். "எங்க வீட்டுப் பொம்பளையளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். வைத்தியரய்யா, பயலுவளுக்குப் பத்திரத்தக் குடும். ஏ தம்பிகளா, கல்யாணத்துக்கு மறுநா நீங்களும் பந்தியில ஒக்காந்து சொதி சாப்பிட்டுட்டுத்தான் கப்பலேறணும், என்ன?"

"ஆமா!" என்றேன் நான். சொதி என்ற பேரைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பையா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த நேரத்தில்கூட அவன்மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. பத்திரம் கைக்கு வந்துவிட்டது, மாமன் படலை திறந்துவிட்டது, கொஞ்சம் பல்லைக் காட்டினால் என்ன குறைந்துவிடும் இவனுக்கு?

சிவசைலம் செருப்பை மாட்டப் போனவர் திரும்பினார். நல்ல மனிதர்தான் அவர். அந்த ஊர்ப்பக்கத்தில் நான் கண்ட ஒரே நல்ல மனிதர். உள்கதவுக்கு அருகில் போய்க் குரலைத் தணித்துக் கேட்டார்.

"தாயி, நேத்து நாலு பேரு நாலு விதமாப் பேசுனதுல மனசு நோவாண்டாம். கழுதையத் தள்ளிரு. ஆவணியில எங்க வீட்டுக்கு மருமவளா வந்துருதியா? ஒன் வாயால ஒரு வார்த்த சொல்லு, சந்தோசமாப் போறேன்."

வளையல் ஒருமுறை அசைந்தது. பிறகு தெளிவாக, நிதானமாக ஒரு குரல் வந்தது.

"ஓம்."



கடையத்துக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவசைலம் காதைச் சாய்த்து, "என்ன தாயி? என்ன சொல்லுதா?" என்றார். ஆனால் அந்த வீட்டில் உள்ளவர்களுக்கு, பாடசாலையில் உள்ளவர்களுக்கு, வாசலில் நின்ற பிச்சம்மாளுக்கு, எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். இரண்டு வருடமாக அதைச் சொல்லித்தானே எங்களைக் கேலி செய்தார்கள்! ஒரு சொல் சுவர் ஏறிக் குதித்துப் போகாது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு, நாள்தோறும், பல நாள் போனால்தான் யோசிக்காமல் வந்து விழும். எனக்கு அப்போதுதான் கிணறு ஞாபகம் வந்தது. துளசியும் நொச்சியும் ஞாபகம் வந்தன. விளக்கு வைத்தபிறகும் வராத குடம் ஞாபகம் வந்தது.

"சாமி பேர் சொல்லுறா!" என்று கத்தினேன். "அண்ணாச்சியின்ரை பேரைச் சொல்ல வந்தவ. ஓம் நமசிவாயம்..."

யாரும் சிரிக்கவில்லை. நமசிவாயம் அண்ணாச்சி என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நேராகத் தம்பையாவின் முன்னால் போய் நின்றார். அவர் குரலில் சத்தம் இல்லை. சத்தம் போடும்போதே அவரைத் தாங்கிக்கொள்ளலாம்.

"ஏலே. இந்தச் சொல்ல நீயா அவளுக்குச் சொல்லிக் குடுத்த?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் தலையைப் பலமாக ஆட்டினேன். இல்லை என்று சொல்லடா. ஒரு சொல். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருப்பாள், நாங்கள் சத்தமாகப் பேசுகிறவர்கள், யாரிடமோ கேட்டுப் பழகியிருப்பாள் என்று பின்னால் ஆயிரம் கதை நான் கட்டிக்கொள்கிறேன். நீ இல்லை என்று மட்டும் சொல்லு!

தம்பையா என்னைப் பார்க்கவில்லை. ஒருச்சாய்த்திருந்த கதவைப் பார்த்தான். பிறகு நமசிவாயம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து, அச்சு அசலாக அந்த ஊர்க்காரன் மாதிரிச் சொன்னான்.

"ஆமா, அண்ணாச்சி."

அட பாவி! இரண்டு வருடமாக ஊரே சேர்ந்து அடித்தும் உன் வாயில் வராத சொல்லடா அது. அதை நீ படிக்க இந்த இடம்தானா கிடைத்தது?